பட்டா இல்லாத வீட்டிலிருந்து ஐஐஎம் கொல்கத்தாவுக்கு: கல்விக் கடன் கிடைக்குமா?

கேள்வி: காசிமேட்டில் வசிக்கிறோம். அப்பா விசைப்படகில் தொழிலாளி, அம்மா மீன் வியாபாரம் செய்கிறார். குடியிருப்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடு. ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் கையில் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். பி.காம். முடித்துவிட்டு மணலியில் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி ஐஐஎம் கொல்கத்தாவில் எம்பிஏ சேர வேண்டும் என்பது என் ஆசை. 'சொத்துப் பத்திரம் இல்லாமல் ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் கிடையாது' என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: ஆசையை விட்டுவிடாதீர்கள் தம்பி. வங்கியில் சொன்னது பொதுவான கல்விக் கடன் விதி. அதன்படி ஏழரை லட்சம் ரூபாய் வரைதான் சொத்துப் பிணை கேட்காமல் தருவார்கள். ஆனால் ஐஐஎம், ஐஐடி போன்ற நிறுவனங்களுக்கு வங்கிகள் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கு முழுக் கட்டணத்தையும் பிணையில்லாமல் தரும் திட்டங்கள் உண்டு. பாரத ஸ்டேட் வங்கியின் ஸ்காலர் கடன் அப்படிப்பட்டது. இது தவிர, மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டமும் இருக்கிறது. அதில் சொத்துப் பிணையும் கேட்க மாட்டார்கள், வெளியாள் ஜாமீனும் கேட்க மாட்டார்கள். இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். இத்தகைய கடனை அதிகம் கையாளாத கிளைகளில் ஏழரை லட்சக் கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகு, கல்விக் கடன்களைத் தனியாகக் கவனிக்கும் கிளை எது என்று கேட்டு அங்கே போங்கள்.

பிணை வேண்டாம் என்பதற்காக அப்பாவின் கையெழுத்தும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அப்போது அவருடைய கடன் வரலாற்றையும் பார்ப்பார்கள். நம் பகுதி வீடுகளில் இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. மீன்பிடித் தடைக்கால மாதங்களில் வீட்டுச் செலவுக்காக வாங்கிய குழுக்கடனோ, தவணை முறையில் எடுத்த கைப்பேசியோ பாக்கி நின்றிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அப்பா, அம்மா இருவருடையதையும் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் பாக்கி இருந்தாலும் கட்டி முடித்து, முடித்ததற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள்.

அடுத்து, கடனைத் திருப்பிக் கட்டும் கணக்கு. கட்டணம் 25 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 27 லட்சம் என்றும் வட்டி 9 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். பணத்தைத் தவணை தவணையாகத்தான் விடுவிப்பார்கள் என்பதால் இரண்டாண்டுப் படிப்பு முடியும்போது வட்டியோடு சுமார் 30 லட்சம் நிற்கும். பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 38,000 ரூபாய், பதினைந்தாண்டு என்றால் சுமார் 30,500. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கையில் வரும் வேலை கிடைத்தால் வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டு இதைக் கட்டலாம். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலமும் அதற்கடுத்த ஓராண்டும் வட்டி முழுவதையும் அரசே ஏற்கும். எட்டு லட்சம் வரை இருந்தால் வட்டியில் மூன்று விழுக்காடு மானியம் உண்டு. வருமானச் சான்றிதழ் அதற்கு அவசியம்.

வேலைவாய்ப்பு அறிக்கையில் சராசரிச் சம்பளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நாலைந்து பேர் வாங்கும் பெருந்தொகை சராசரியைத் தூக்கிவிடும். வகுப்பில் சரிபாதிப் பேர் எந்தத் தொகைக்கு மேல் வாங்கினார்கள் என்று காட்டும் நடு அளவைப் பாருங்கள்.

கடனைவிட நான் அதிகம் கவலைப்படுவது சாதிச் சான்றிதழைப் பற்றித்தான். உங்களிடம் மாநில அரசின் பிற்படுத்தப்பட்ட அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புச் சான்று இருக்கக்கூடும். ஐஐஎம்மில் அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்று வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பவை எல்லாம் அதில் இல்லை. பிறகு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பியுங்கள். கிரீமி லேயர் கணக்கில் பார்ப்பது பெற்றோரின் நிலையைத்தான். உங்கள் சம்பளம் அதில் சேராது. இதைத் தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. கேட் பதிவு பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கும். பதிவு முடிந்த பிறகு பிரிவை மாற்ற முடியாது. 27 விழுக்காடு இட ஒதுக்கீடு ஒரு காகிதத்தால் கைநழுவக் கூடாது. அடுத்த ஜூன் வாக்கில் சேரும்போது புதிய நிதியாண்டு பிறந்திருக்கும், புதிய சான்று கேட்டாலும் கேட்பார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், ஐஐஎம் கட்டணத்தையே ஏற்கும் மத்திய உதவித்தொகைத் திட்டமும் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது பொருந்துமானால் சொல்லுங்கள்.

தேர்வில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். ஆங்கிலப் பகுதியில் பெரும்பாலானவை பத்தியை வாசித்து விடை சொல்லும் கேள்விகள். இலக்கண நூலைப் புரட்டுவதில் பொழுதைக் கழிக்காமல் நாள்தோறும் நீண்ட ஆங்கிலக் கட்டுரைகளை வாசியுங்கள். தமிழ்வழியில் படித்தவருக்கு வேகம்தான் குறையுமே தவிர புரிதல் குறையாது. வேகம் ஆறேழு மாதத்தில் பழகிவிடும்.

நேர்காணலில் உங்கள் வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். அங்கே உங்கள் கை ஓங்கியிருக்கும். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பது ஏன், ஒரு பெட்டி ஒரு நாள் தேங்கினால் யாருக்கு எவ்வளவு செலவு, எண்ணூரில் காமராசர் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கிய பிறகு எந்தச் சரக்கு அங்கே போனது என்றெல்லாம் உங்கள் நிலையத்தின் கணக்கை வைத்தே பேசத் தயாராகுங்கள். வீட்டு நிலைமையைக் கேட்டால் தயங்காமல் இரண்டு வரியில் சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்புங்கள்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் முதல் தொகையைக் கட்டச் சில நாட்களே அவகாசம் தருவார்கள். வங்கிக் கடன் அதற்குள் வந்து சேராது. இப்போது வாங்கும் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகையை அதற்கென்று தனியே ஒதுக்கி வையுங்கள். அம்மாவின் நகையை அடகு வைக்கும் நிலை வர வேண்டாம்.