வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை: தேர்தல் செலவும் பதவி ஒழுக்கமும் – கேள்வி பதில்

தேர்தல் செலவு, கட்சி நன்கொடை, பதவியில் இருப்போர் மீதான கண்காணிப்பு ஆகியவை குறித்துத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, செலவுக் கணக்குகளைச் சரிபார்க்கும் குழுக்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

மதுரை வாசகர்: சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்கிறார்கள். எங்கள் தொகுதியில் ஒரே ஒரு பொதுக்கூட்டத்துக்கே அதைவிட அதிகம் ஆகியிருக்கும். இது எப்படிச் சட்டப்படி சரியாகிறது, ஐயா?

நீங்கள் சொல்லும் 40 லட்சம் என்பது 2022 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்ட தொகை. 2014இல் 28 லட்சமாக இருந்தது. 2020இல் பத்து விழுக்காடு உயர்த்தப்பட்டதால், 2021 சட்டமன்றத் தேர்தல் 30 லட்சத்து 80 ஆயிரம் என்ற வரம்பில் நடந்தது. ஆனால் இந்தத் தொகையைவிட, அது எதற்குப் பொருந்துகிறது என்பதுதான் முக்கியம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி, வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரை வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்யும், அல்லது அவர்களுடைய ஒப்புதலோடு செய்யப்படும் செலவு மட்டுமே கணக்கில் வரும். மனு தாக்கலுக்கு முன்பு ஆறு மாதம் தொகுதி முழுக்கச் சுவர் விளம்பரம் எழுதியிருந்தாலும் அது இந்தக் கணக்கில் ஏறாது.

அடுத்தது கட்சியின் செலவு. டெல்லி சதர் தொகுதியின் 1971 தேர்தல் தொடர்பான கன்வர் லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும், அவர் அதை ஏற்றுக்கொண்டாலோ அதைத் தடுக்காமல் பயன்பெற்றாலோ, அவருடைய செலவாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1974 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே ஓர் அவசரச் சட்டம் வந்தது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று 77ஆவது பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. அந்த விளக்கம் 2003இல் சுருக்கப்பட்டு, இன்று நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு மட்டுமே வெளிப்படையான விலக்கு இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று இத்தகைய பேச்சாளர்கள் 40 பேரை அறிவிக்கலாம். தலைவர் வரும் மேடையில் வேட்பாளர் ஏறிவிட்டால், அல்லது அவருடைய பெயரும் படமும் அங்கே இருந்துவிட்டால், பந்தல், மேடை, ஒலிபெருக்கிச் செலவில் அவருக்கும் பங்கு போடப்படும். அவர் மேடையேறாமல், பேரும் படமும் இல்லாமல், சின்னம் மட்டும் இருந்தால் முழுச் செலவும் கட்சியினுடையது. கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாட்களுக்குள் ஒரு கணக்கைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்தால் போதும். உங்கள் ஊர்க் கூட்டத்தின் செலவு எங்கே போனது என்பதற்கு இதுதான் விடை.

திருச்சி வாசகர்: வேட்பாளர் தரும் கணக்கை யாராவது உண்மையிலேயே சரிபார்க்கிறார்களா?

சரிபார்க்கிறார்கள், அதுவும் பலரும் நினைப்பதைவிடக் கறாராகவே செய்கிறார்கள். ஒரு கூட்டம் நடக்கிறது என்றால் வீடியோ கண்காணிப்புக் குழு அங்கே இருக்கும். அந்தக் குழுவின் அலுவலர் முதலில் கேமராவுக்கு முன்னால் தேதி, இடம், கட்சி, வேட்பாளர் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். பிறகு வந்த வண்டிகளின் வகையும் எண்ணிக்கையும், மேடையின் அளவு, நாற்காலிகள், கட்-அவுட்டுகள் என ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். இன்னொரு குழு அந்தப் பதிவை உட்கார்ந்து பார்த்துப் பட்டியல் போடும். நாற்காலி வாடகை, டீ, சாப்பாட்டுப் பொட்டலம், மைக் செட், சால்வை என ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் முன்னதாகவே விலைப்பட்டியல் வெளியிட்டிருப்பார். அந்த விலையில் பெருக்கிக் கணக்குக் குழு ‘நிழல் பதிவேடு’ ஒன்றில் ஏற்றிவிடும். பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை வேட்பாளரின் பதிவேட்டை இந்த நிழல் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர் எழுதியது 200 நாற்காலி, வீடியோவில் தெரிவது ஆயிரம் என்றால், விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும்.

செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது என்பனவும் இதன் பகுதிகளே. முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யாதவரை, 10அ பிரிவின் கீழ் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற சட்டமன்ற உறுப்பினர், காசு கொடுத்துப் போட்ட செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்பதற்காக 2011 அக்டோபரில் இவ்வாறு தகுதியிழந்தார். பெரும்பாலும் மாட்டுவது யார் என்று கேட்டால், கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டுவிடும் சிறு வேட்பாளர்கள்தாம். பெரிய கட்சி வேட்பாளரிடம் இதற்கென்றே ஆடிட்டர் இருப்பார். அவருடைய கணக்கு வரம்புக்கு வெகு கீழே அழகாக முடிந்திருக்கும். நாற்காலியை எண்ணலாம். இரவில் வீடு வீடாகப் போகும் கவரை நிழல் பதிவேடு பார்ப்பதில்லை.

ஈரோடு வாசகர்: மாடு விற்ற பணத்தோடு சந்தையிலிருந்து திரும்பும் விவசாயியைப் பறக்கும் படை மடக்குகிறது. 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருப்பது குற்றமா?

குற்றமில்லை. ஆணையத்தின் நடைமுறைக் குறிப்பு குறிவைப்பது வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் செல்லும் வண்டியில் இருக்கும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்தைத்தான். ஆனால் சாலையில் நிற்கும் அலுவலருக்கு யார் கட்சிக்காரர், யார் வியாபாரி என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது என்பதால், எல்லோரையும் ஒன்றாக நடத்தும் பழக்கம் வந்துவிட்டது. இது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம்.

சந்தை ரசீது, வங்கியில் எடுத்ததற்கான சீட்டு, வியாபாரக் கணக்கு நோட்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். பறிமுதல் செய்தால் ரசீது தர வேண்டும். மேல்முறையீடு எங்கே செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர் குழு இருக்கிறது. வழக்கு எதுவும் பதியப்படாமல், வேட்பாளரோடும் கட்சியோடும் தொடர்பு இல்லாத பணம் என்று தெரிந்தால், அந்தக் குழு விடுவிக்க உத்தரவிடும். வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாட்களுக்கு மேல் அதைக் கிடப்பில் போடக் கூடாது. தொகை 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித் துறைக்கும் தகவல் போகும் என்பதை வியாபாரிகள் நினைவில் கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: பணப் பட்டுவாடா என்று சொல்லி எங்கள் தொகுதியில் தேர்தலையே ரத்து செய்தார்கள். அதன் பிறகு யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது?

2016இல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்; 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. நான்கு இடங்களிலும் தேர்தல் நிறுத்தப்பட்டதே தண்டனையாக நின்றுபோனது. அதுவும் வாக்காளருக்கு. அரவக்குறிச்சியில் அந்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் தேர்தல் நடந்தபோது, இரு பெரிய கட்சிகளும் முன்பு நின்ற அதே வேட்பாளர்களையே நிறுத்தின.

இதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. வாக்குக்குப் பணம் கொடுப்பது 123ஆவது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. ஆனால் அதை நிலைநாட்டும் வழி, வென்றவருக்கு எதிராக 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் தேர்தல் வழக்குதான். தேர்தலே ரத்தாகிவிட்டால் வென்றவர் என்று எவரும் இல்லை. வழக்குத் தொடுக்க ஆளும் இல்லை, பதவியும் இல்லை. மிஞ்சுவது காவல் துறையின் குற்ற வழக்கு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. நடுவர் அனுமதியின்றிப் புலனாய்வு செய்ய முடியாத வகைக் குற்றம். கொடுத்தவர் சிக்கினாலும், வேட்பாளர் சொல்லித்தான் கொடுத்தார் என்று நிரூபிப்பது தனி வேலை.

வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58அ என்ற பிரிவு இருக்கிறது. பணத்துக்கும் அதுபோல 58ஆ என்று ஒரு பிரிவு வேண்டும் என ஆணையம் 2016இல் கேட்டது. மத்திய அரசு ஏற்கவில்லை. அதனால் இன்றளவும் அரசியலமைப்பின் 324ஆவது உறுப்பு தரும் பொதுவான அதிகாரத்தைக் கொண்டே இந்த ரத்துகள் நடக்கின்றன. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘ஃபார்முலா’ என்ற சொல் இங்கே வாக்குக்குப் பணம் கொடுத்து வெல்லும் உத்தி என்ற பொருளில் வழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். அத்தனை ஆண்டுகளில் சட்டத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்க எந்தக் கட்சியும் அவசரம் காட்டவில்லை.

சேலம் வாசகர்: டிவி, மிக்ஸி தருகிறேன் என்று தேர்தல் அறிக்கையில் சொல்வதும் லஞ்சம்தானே?

சட்டப்படி இல்லை. தமிழ்நாட்டின் வண்ணத் தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர் திட்டங்களை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், அறிக்கையில் தரும் வாக்குறுதி 123ஆவது பிரிவின் கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறிவிட்டது.

கோயம்புத்தூர் வாசகர்: தேர்தல் பத்திரம் ரத்தான பிறகு கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுமா?

பாதி தெரியும். 2024 பிப்ரவரி 15 அன்று நன்கொடையாளர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழி செய்த பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததோடு, நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 விழுக்காடு வரைதான் நன்கொடை தரலாம் என்ற பழைய வரம்பை நீக்கிய திருத்தத்தையும் செல்லாததாக்கியது. அதன்பின் வெளியான பட்டியலில், நாட்டிலேயே மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் என்று தெரிந்தது. தி.மு.க. பத்திரங்கள் மூலம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த நிறுவனம் தந்தது. அ.தி.மு.க. பெற்றது சுமார் ஆறு கோடி; பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனத்திடமிருந்து. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கியதால் இன்ன சலுகை தரப்பட்டது என்று இந்தப் பட்டியல் நிரூபிக்காது. எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டுமே அது காட்டும்.

இனி 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் ஆண்டுதோறும் ஆணையத்திடம் பெயரோடு தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட தொகைகளுக்குப் பெயர் தேவையில்லை. அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

விழுப்புரம் வாசகர்: அமைச்சர் மீது ஊழல் புகார் என்றால் லோக் ஆயுக்தாவுக்குப் போவதா, லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதா?

இரண்டுக்கும் போகலாம். பதவியில் இருப்போர் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பான லோக் ஆயுக்தாவின் வரம்பில் முதலமைச்சரும் வருகிறார். ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஓராண்டுக்குள் மாநிலங்கள் லோக் ஆயுக்தாவை அமைக்கச் சொன்னது. மகாராஷ்டிரம் 1971இலேயே இதற்குச் சட்டம் இயற்றியிருந்தது. தமிழ்நாடோ உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2018 ஜூலையில்தான் சட்டம் இயற்றியது. கர்நாடக லோக் ஆயுக்தாவுக்குச் சொந்தக் காவல் பிரிவு உண்டு. அதன் தலைவராக இருந்த சந்தோஷ் ஹெக்டே 2011இல் அளித்த சுரங்க ஊழல் அறிக்கையால் அங்கே ஒரு முதலமைச்சர் பதவி விலக நேர்ந்தது. இங்கே வழக்குப் பதிந்து கைது செய்யும் கரம், அரசின் கீழ் இயங்கும் லஞ்ச ஒழிப்புத் துறையிடம்தான் இருக்கிறது.

அந்தத் துறைக்கும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் 17அ பிரிவு என்ற கட்டைப் போட்டது. ரசாயனப் பொடி தடவிய நோட்டை வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபடும் எழுத்தருக்கு முன் அனுமதி தேவையில்லை. கோப்பில் கையெழுத்திட்டு எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் அனுமதி தேவை. அதனால்தான் சிறிய மீன்கள் தினமும் செய்தியாகின்றன.

திருநெல்வேலி வாசகர்: அமைச்சர்களுக்கு நடத்தை விதிகள் இருப்பதாகச் சொல்கிறார்களே, மீறினால் என்ன ஆகும்?

நீதிமன்றத்தில் ஒன்றும் ஆகாது. டான்சி நில வழக்கு இதற்கு நல்ல சான்று. 1992இல், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனங்கள், அரசு நிறுவனமான டான்சியின் சொத்துகளை வாங்கின. அமைச்சர்கள் அரசுச் சொத்தை வாங்கக் கூடாது என்று நடத்தை விதி சொல்கிறது. 2000இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. நடத்தை விதிகளுக்குச் சட்டத் தகுதி இல்லை, மீறினால் குற்றமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி. சொத்தைத் திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். விதிகளைச் சட்டமாக்குங்கள் என்று கேட்க அதைவிடத் தெளிவான சந்தர்ப்பம் வாய்த்திருக்க முடியாது. அதற்குப் பிறகு வந்த அரசுகளில் எதுவும் அதைச் செய்யவில்லை.

நாகர்கோவில் வாசகர்: எங்கள் தொகுதி வேட்பாளரின் செலவுக் கணக்கைச் சாதாரண வாக்காளரான நான் பார்க்க முடியுமா?

முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக்கூடப் போக வேண்டாம். தேர்தல் நடத்தும் விதிகள், 1961இன் 88ஆவது விதியின்படி ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தும் எவரும் தாக்கலான கணக்கைப் பார்வையிடலாம். தனிக் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகலும் பெறலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவுக்குச் செல்லுங்கள். வென்றவர் மீது வழக்குத் தொடுக்கும் எண்ணம் இருந்தால் காலத்தைக் கவனியுங்கள்: கணக்குத் தாக்கலுக்கே 30 நாள் போய்விடும், வழக்குக்கு உள்ள கெடு 45 நாள். கையில் மிஞ்சுவது இரண்டு வாரம். அதற்குள் நகல் வாங்கி, நீங்களே எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். ஆகவே பிரச்சாரம் நடக்கும்போதே மேடையையும் வண்டிகளையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். தேர்தல் விதிமீறல்களைப் புகார் செய்வதற்கான ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அனுப்பினால் 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஆணையம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட கெடு.