ஸ்லோ குக்கரில் கோழி, பட்டர்நட் பூசணி சூப் நீர்த்துப்போனால்

ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரம்) 8 மணி நேரம் வெந்தும் சூப் நீர்த்திருக்கிறது, கோழியின் நெஞ்சுக்கறியும் சக்கையாகிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சூப்பில் சோளமாவைக் கரைத்து ஊற்ற வேண்டாம். பூசணித் துண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து மசித்து, திரும்பச் சேர்த்து, மூடியைத் திறந்துவைத்து ‘ஹை’ நிலையில் அரை மணி நேரம் விடுங்கள். கரண்டியின் முதுகில் படிந்து நின்றால் பதம் சரி.

அடுப்புச் சமையலுக்குரிய அளவில் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்லோ குக்கரிலோ, எழும் ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டுவதால் சாறு வற்றுவதே இல்லை. போதாததற்குப் பூசணியும் கோழியும் தம் நீரை விடும். அடுத்த முறை, காய்கள் முக்கால் பங்கு மூழ்கினால் போதும்.

நெஞ்சுக்கறி சக்கையானதில் வியப்பில்லை. அவ்வளவு நேரம் தாங்குவது எலும்புடன் கூடிய தொடைக்கறிதான்.

உறைந்த கோழியை மட்டும் நேரடியாகப் போடாதீர்கள். மெதுவாகச் சூடேறுகையில் கிருமிகள் பெருகும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியாக வேண்டும்.