“கடுதாசியில என்னைக் கேக்கலியா?”

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி நான்கு வருடமாகப் பண்டாரவளையில் இருக்கிறேன். கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். அக்கம்பக்கம் எல்லாரும் சிங்களம்; எனக்குக் கடைச் சிங்களம்தான் வரும். பேச ஆளில்லாமல், பிள்ளை தூங்கிய பிறகு தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி ஃபோனில் எழுதத் தொடங்கினேன். அதை வாசித்தே எனக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு டீச்சர், டொரோண்டோவில் ஒரு நர்ஸ், கூடலூரில் ஒரு அக்கா. என் சாதாரண தரப் பரீட்சைக்காக அம்மா யாருக்கும் தெரியாமல் காதுத் தோட்டை அடகு வைத்ததை எழுதியபோது அந்த நர்ஸ் அழுதேவிட்டார். (அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் அவரிடம் இதெல்லாம் சொன்னதில்லை.) ஆனால் என் நாத்தனார், ‘முகம் தெரியாத ஆளுங்களோட என்ன சிநேகம்?’ என்று கேலி செய்கிறார். இது உண்மையான சிநேகம்தானா, அக்கா?

– பெயர் வேண்டாம், பண்டாரவளை

பதில்: தங்கச்சி, உன் நாத்தனாருக்கு ஒரு வரி போதும். உண்மையான சிநேகம்தான். என்ன, நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டொரோண்டோ நர்ஸ் ஓடிவர முடியாது. அடுத்த வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். அதற்கு உன் கடைச் சிங்களம் தாராளமாய்ப் போதும், நாளைக்கே போய்ப் பேசு.

என் கண் நின்றது வேறோர் இடத்தில். அடைப்புக்குறிக்குள் போட்டு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அங்கே.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. சரி. காது கேட்குமல்லவா?

உன் எழுத்தில் எல்லாரும் உருகிப்போகிற கதை யாருடையது? உன்னுடையதா? தோடு இல்லாத காதை முக்காட்டில் மறைத்துக்கொண்டு அந்த மனுஷி எத்தனை நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போயிருப்பார்? நீயும் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில், குழாயடியில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், யார் கண்ணிலும் படாமல் அவர் பொத்திக் காத்ததை நீ மூன்று நாட்டுக்குச் சொல்லிவிட்டாய். கூடலூர் அக்காவுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாது.

வாசிக்கத் தெரியாது என்பது சாக்கு. ‘ஏன்டி இத ஊருக்கெல்லாம் சொன்ன?’ என்று கேட்டுவிடுவார் என்ற பயம் உனக்கு. கேட்கட்டுமே. கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. பெற்றவளின் கஷ்டம் பிள்ளைக்கும் சொந்தம், எழுதினால் என்ன என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய காலத்து ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

எழுத்து தெரியாதவர்களுக்கு எழுத்தால் என்ன என்று நம் மலையில் யாரும் விட்டுவிடவில்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளருக்காகப் பாட்டு எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். ஏன், என் வீட்டையே சொல்கிறேன். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசுகளும் கணக்குப் பண்ணினவே, அந்தக் கணக்கில் போனவர் என் பெரியம்மா. நீலகிரிப் பக்கம் குடியேறி, அங்கேயும் தேயிலைதான். அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடுதாசி, ஆபீசிலிருந்து தப்பால்காரர் கையில் வரும். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் லயத்தில் தடங்கலில்லாமல் வாசிக்கக் கூடியவள் நான்தான். மலையிலிருந்து வந்தவர்கள் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கடுதாசியின் கடைசிப் பாதி முழுக்கப் பெயர்தான். மூணாம் காம்பரா அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும், கங்காணி வீட்டு மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும் என்று நீண்டுகொண்டே போகும். எனக்கு விளையாடப் போகிற அவசரம். ஒரு நாள் அதையெல்லாம் தாண்டிவிட்டு, ‘இப்படிக்கு’ என்று முடித்துவிட்டேன். எல்லாரும் எழுந்து போனார்கள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா மட்டும் போகவில்லை. வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து, “கடுதாசியில என்னைக் கேக்கலியா?” என்றார். விரித்துப் பார்த்தேன். ஆறாவது பெயர் அவருடையது. மறுபடி வாசித்தேன். அந்த ஒரு வரியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

உன் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன, கடுதாசி வந்ததே அவருக்குத் தெரியாது.

எழுதுவதை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நாத்தனாருக்காக நிறுத்தவே நிறுத்தாதே. ஆனால் அடுத்த கதையை எழுதுவதற்கு முன் மஸ்கெலியாவுக்குப் போ. பண்டாரவளையும் ஹட்டனும் ஒரே ரயில் பாதையில்தானே இருக்கின்றன. கோச்சி இல்லாவிட்டால் பஸ். அப்புறம் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ். சனிக்கிழமை போய்விடு, ஞாயிறு அம்மாவுக்கு மலையில் வேலை இருக்காது. தலைமுழுகி, சாயத்தண்ணி குடித்துவிட்டு இஸ்தோப்பில் உட்காருவாரே, அந்த நேரம் பார். ஃபோன் வேண்டாம், தாளில் எழுதிக்கொண்டு போ. தோட்டுக் கதையை முதலில் வாசி. பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காதபடி மெதுவாக வாசி. ‘அது அன்னைக்கு இல்லடி, தீபாவளிக்கு முந்தின வாரம்’ என்று திருத்துவார், திருத்திக்கொள். கோபம் வந்தால் வாங்கிக்கொள். எடுத்துவிடு என்று சொன்னால், எத்தனை பேர் அழுதிருந்தாலும் எடுத்துவிடத்தான் வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கதையை வாசித்துவிட்டு ‘அம்மா இப்போ எப்படி இருக்காங்க?’ என்று உன்னிடம் கேட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் பெயரையெல்லாம் தாளின் கடைசியில் எழுதிக்கொள். யாழ்ப்பாணத்து டீச்சர் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், டொரோண்டோ நர்ஸ் கேட்டதாகச் சொல்லச் சொன்னார் என்று ஒவ்வொன்றாக வாசி. ஒரு பெயரையும் தாண்டாதே.