பஷீர் பிலோர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1943இல் பிறந்த பாகிஸ்தான் அரசியல்வாதி, பெஷாவர்க்காரர். இவருடைய கட்சி அவாமி தேசியக் கட்சி, அதாவது நாம் எல்லை காந்தி என்று சொல்லும் அப்துல் கஃபார் கானின் மகன் வாலி கான் 1986இல் தொடங்கிய பஷ்தூன் மக்களின் கட்சி. பெஷாவரைத் தலைநகராகக் கொண்ட, இன்று கைபர் பக்தூன்க்வா எனப்படும் மாகாணத்தின் சட்டமன்றத்துக்கு ஐந்து முறை தேர்வானவர். 2008இல் அமீர் ஹைதர் ஹோத்தி முதல்வரானபோது, உள்ளாட்சித் துறையோடு மூத்த அமைச்சரானார். 2012 டிசம்பர் 22 அன்று கொல்லப்பட்டார்.

கே: இஸ்லாத்தை இழிவுபடுத்திய படத்தை எடுத்தவரைக் கொன்றால் ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தவர்தானே?

இல்லை. அது அண்ணன் குலாம் அகமது பிலோர், அப்போது மத்திய ரயில்வே அமைச்சர். கட்சியே அந்தப் பேச்சு எங்களுடையது அல்ல என்று ஒதுங்கிக்கொண்டது. அண்ணன் தம்பியைக் குழப்பாதீர்கள்.

கே: பிலோர் குடும்பம் வீட்டில் பேசுவது ஹிந்த்கோ. பஷ்தூன் கட்சியில் எப்படி?

நல்ல கேள்வி. பெஷாவரின் பழைய நகரத்துச் சந்துகளில் ஹிந்த்கோ பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. 1930 ஏப்ரல் 23 அன்று கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் ஆங்கிலேயர் சுட்டபோது கஃபார் கானின் இயக்கத்தோடு இந்த நகரமும் ரத்தம் சிந்தியது. அந்த உறவுதான் பிலோர் குடும்பத்தின் வேர் என்று நான் நினைக்கிறேன். பஷ்தோ பேசுபவர்களின் கட்சிக்கு நகரத்துக்குள் ஒரு வாசல் தேவைப்பட்டது. அந்த வாசலாக நின்றது இந்தக் குடும்பம்.

கே: அப்படியானால் 2010இல் மாகாணத்துக்குப் பெயர் மாற்றியபோது ஹிந்த்கோ பேசும் அபோட்டாபாத்தில் போராடியவர்களைச் சுட்டதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, இப்போதுதான் கேட்கிறீர்கள். கட்சி கேட்டது பஷ்தூன்களைக் குறிக்கும் ‘பக்தூன்க்வா’. நவாஸ் ஷெரீபின் கட்சி இழுத்துப் பிடித்ததால் முன்னால் ‘கைபர்’ சேர்ந்தது. ‘வடமேற்கு எல்லைப்புற மாகாணம்’ என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர் அரசியலமைப்பின் 18ஆவது திருத்தத்தோடு போனது. அபோட்டாபாத் இருக்கும் ஹஸாரா பகுதி மக்கள் தங்களுக்கு அதில் இடமே இல்லை என்று தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 12 அன்று போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். அது இந்த ஆட்சியின் கீழ் நடந்தது. மூத்த அமைச்சர் என்ற முறையில் பஷீருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

கே: பொறுப்பு உண்டு என்றால், பெயர் மாற்றமே தவறுதானே?

இல்லை. ஒரு மக்கள் தங்கள் மண்ணுக்குத் தங்கள் பெயரைக் கேட்டது நியாயம். அந்த மண்ணில் இருக்கும் இன்னொரு மொழிக்காரர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசாதது தவறு. இரண்டையும் ஒன்றாக்க என்னால் முடியாது.

கே: ரயில்வே துறையில் இவர் என்ன செய்தார்?

ரயில்வே அண்ணன். மேலே எழுதியிருக்கிறேன்.

கே: ஸ்வாத் ஒப்பந்தம்?

ஸ்வாத் பள்ளத்தாக்கில் ஷரியத் சட்டம் கேட்ட மதத் தலைவர் சூஃபி முகமதுவோடு 2009 பிப்ரவரியில் போட்டது இவர்கள் அரசுதான். சில மாதங்களிலேயே முறிந்து, மே மாதம் தாலிபான்களுக்கு எதிராக ராணுவம் இறங்கியது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கே: இவருக்கு உயிர்ப்பயமே இல்லையா?

2009 மார்ச்சில் பெஷாவரின் நமக் மண்டியில் இவரைக் குறிவைத்துத் தாக்கினார்கள், தப்பினார். அதற்குப் பிறகும் நகரத்தில் குண்டு வெடித்தால் அந்த இடத்துக்கு ஓடிவரும் முதல் ஆட்களில் ஒருவராகவே இருந்தார். கடைசி நாளும் மக்களுக்கு நடுவில்தான்: கிஸ்ஸா குவானி பக்கத்தில், டக்கி நால்பந்தியில் ஒரு கட்சிக் கூட்டம். குறுகலான சந்து, மாலை நேரம், சுற்றிலும் தொண்டர்கள். கூட்டம் முடிந்து கிளம்பும்போது தற்கொலைப் படையாள் வெடித்தான். லேடி ரீடிங் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ஆட்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தே அரசியல் செய்தவர் அவர். அதனால்தான் அவரைப் பற்றி இத்தனை எழுதுகிறேன்.

கே: எல்லாம் குடும்ப அரசியல்தானே?

மகன் ஹாரூன் 2018 ஜூலை 10 அன்று பெஷாவரின் யக்காதூத்தில் தேர்தல் கூட்டத்தில் அதே விதமாகக் கொல்லப்பட்டார். அக்டோபர் இடைத்தேர்தலில் ஹாரூனின் மனைவி சமர் அதே தொகுதியில் நின்று வென்றார். குடும்ப அரசியல்தான். இந்தக் குடும்பம் அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதுங்கள்.

கே: 2013இல் இம்ரான் கானிடம் தோற்றாரே?

ஐயா, அதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தோற்றது குலாம் அகமது. இனி வெறுமனே ‘பிலோர்’ என்று வரும் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன், முழுப்பெயரோடு கேளுங்கள்.