'வியர்டு' என்றால் விசித்திரமா, விதியா?

'வியர்டு' என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு விசித்திரம், வினோதம் என்றுதான் பொருள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது ஒரு பெயர்ச்சொல். 'வுர்ட்' என்றால் ஊழ், தலைவிதி.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளும் 'வியர்டு சகோதரிகள்'. விதியைச் சொல்லும் பெண்கள் என்று அர்த்தம். பார்த்தவர்களுக்கு நினைவில் நின்றதோ அவர்களுடைய தாடியும் கந்தல் கோலமும்தான் போல! 19ஆம் நூற்றாண்டில் சொல் வினோதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

இதன் வேருக்குத் திரும்புதல், சுழலுதல் என்று பொருள். சமஸ்கிருத 'வ்ருத்' அதே குடும்பம். எங்கள் பாலக்காடு சித்தூர் பக்கம் "எந்தா வர்த்தமானம்?" (என்ன சேதி?) என்று மலையாளத்தில் விசாரிப்பார்களே, 'வ்ருத்'திலிருந்து வந்த அந்த வர்த்தமானம் 'வியர்டு'க்குத் தூரத்து உறவு.

சரி, நம் ஊழ்? ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சேச்சி, "இனி எண்டெ ஊழமாணு" என்று பையை நீட்டினார். ஊழம் என்றால் முறை. பழந்தமிழில் ஊழுக்கும் முறை என்ற பொருள் உண்டு. அன்று என் ஊழம் வந்தபோது கோதுமை தீர்ந்திருந்தது, அது வேறு கதை.