பப்பாளிக் கரும்புள்ளி: மரத்திலேயே தொடங்கியது

வீட்டுப் பப்பாளியில் கரும்புள்ளி வருகிறது, பழமும் சப்பென்று இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பறித்த நாலாம் நாளே உங்கள் பப்பாளியில் குழிவிழுந்த கரும்புள்ளி வருவதற்கு, அதை வைத்த சமையலறை மேடை காரணமில்லை. அநேகமாக அது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். காய் பச்சையாகத் தொங்கும்போதே மழைத்துளியோடு தெறித்து ஒட்டிக்கொள்ளும் பூஞ்சை, பழுக்கும்வரை சத்தமில்லாமல் கிடக்கும். சிங்கப்பூரில் உங்கள் ஈசூனில் டிசம்பர் மழை பெய்வதைச் சொல்லவா வேண்டும்!

மரத்தடியில் நின்று மேலே பாருங்கள். காய்ந்த இலைக்காம்புகள் காய்களை உரசிக்கொண்டிருந்தால் வெட்டி அப்புறப்படுத்துங்கள். பூஞ்சையின் வித்துகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். அப்புறம், இரண்டு பிஞ்சுகளுக்கு மட்டும் காகிதப் பை கட்டி, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சப்பென்று இருப்பதாகச் சொன்னீர்களே, அது வேறு கதை. பப்பாளியில் வாழைக்காய்போல மாவுச்சத்து இருப்பு கிடையாது. பறித்த பிறகு இனிப்பு ஏறாது. முழுப்பச்சையில் பறிக்காமல், அடியில் மஞ்சள் கீற்று தெரிந்ததும் பறியுங்கள். மைனா முந்திக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

ஒன்று: காம்புப் பக்கத்திலிருந்து மட்டும் அழுகினால், பூஞ்சை, பறித்தபோது ஏற்பட்ட காயத்தின் வழியே நுழைந்ததாக இருக்கலாம். அதற்குப் பை உதவாது.