மீன்காரரின் ஹோர்னும் எங்கள் பூனையின் பால்சோறும்

பயிற்சியின்போது நாய்க்கு பிஸ்கட், முடிந்ததும் இறைச்சி கொடுப்பதாகவும், இறைச்சிக் கிண்ணத்தைக் கண்டாலே அது சோர்ந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி பிடிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள்.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பூனைக்கு அம்மா காலையில் சோற்றில் பால் விட்டுப் பிசைந்து வைப்பார். நன்றாகத்தான் தின்னும். ஒழுங்கை முனையில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டதும் தலையைத் தூக்கும். மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருக்க, அப்படியே படலையடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். சூடைத் தலை வரும் என்று அதற்குத் தெரியும். மாரியில் கடல் கொந்தளித்து மீன்காரர் வராத நாட்களில் அதே சோற்றை வழித்துத் தின்னும். சோறு மாறவில்லை, அடுத்து வரப்போவதுதான் மாறுகிறது.

இதை உளவியலாளர் சார்லஸ் ஃப்ளாஹெர்ட்டி எலிகளிடம் அளந்து பார்த்தார். முதலில் 0.15% சாக்கரின் (செயற்கை இனிப்பு) நீர், சில நிமிடம் கழித்து 32% சர்க்கரை நீர். நாள் போகப்போக அவை சாக்கரினைக் குறைவாகவே நக்கின. சாக்கரினுக்குப் பின்னும் சாக்கரினே கிடைத்த எலிகள் அப்படிக் குறைக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 1961இல் ரெனால்ட்ஸ் என்ற உளவியலாளர் புறாக்களுக்கு இரண்டு நிற விளக்குகளை மாறி மாறிக் காட்டி, கொத்தினால் தானியம் கொடுத்தார். ஒரு நிறத்தில் தானியத்தை நிறுத்தியதும், பழையபடியே தானியம் கிடைத்த மற்ற நிறத்தில் அவை இன்னும் வேகமாகக் கொத்தின. இதில் முன்னால் போனதைவிடப் பின்னால் வரப்போவதே பெரிதாக வேலை செய்கிறது என்று பிறகு பென் வில்லியம்ஸ் என்ற இன்னொரு உளவியலாளர் காட்டினார். அவர் கண்டதில் என்னை அசத்தியது இன்னொன்று: தானியம் குறைந்த மோசமான கட்டத்துக்கு முன்னால் வரும் விளக்கைப் புறாக்கள் வேகமாகக் கொத்தின. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டால், நல்ல கட்டத்துக்கு முன்னால் வரும் விளக்கிடமே போயின. மெதுவாகக் கொத்திய விளக்குத்தான் அவற்றுக்குப் பிடித்த விளக்கு!

ஆகவே உங்கள் நாயின் வேகத்தை மட்டும் வைத்து அதன் மனதை அளக்க வேண்டாம். இறைச்சியைக் குசினியிலேயே மூடி வையுங்கள். பயிற்சி முடிந்த உடனேயும் கொடுக்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். இடைவெளி நீள நீள அந்த எலிகளிடமும் இந்த விளைவு தளர்ந்தது.